ஏழு வருஷ கார் லோனுக்கு ஏன் "நோ" சொல்லணும்?

குடும்பத்துக்கு ஒரு வேகன் ஆர் போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா? நல்ல முடிவு. ஆனா ஷோரூம்ல "இஎம்ஐ பத்தாயிரத்துக்குள்ள வந்துடும் சார்"னு சொன்னதும் கையெழுத்து போட்டுடாதீங்க.

6 லட்சம் கடன், 9% வட்டின்னு வைங்க. 5 வருஷத்துக்கு மாசம் சுமார் ₹12,450. மொத்த வட்டி ₹1.47 லட்சம். 7 வருஷம்னா மாசம் ₹9,650, வட்டி ₹2.11 லட்சம். மாசம் ₹2,800 மிச்சம்னு நினைச்சா, கடைசியில ₹63,000-க்கு மேல கூடுதலா கட்டியிருப்பீங்க. அதுவும் பழசாகிட்டே போற பொருளுக்கு! 5 வருஷ இஎம்ஐ தாங்காதுன்னா, முன்பணம் சேரட்டும். அதுவரைக்கும் சானடோரியம் ஸ்டேஷன்ல மின்சார ரயில் இருக்கு.

அடுத்து இன்சூரன்ஸ். புது காருக்கு 3 வருஷம் கட்டாயம்ங்கிறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். நம்ம காருக்கான சேத காப்பீடு ஒரு வருஷத்துக்குத்தான் எடுத்திருந்தா, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். 2015 வெள்ளத்தைப் பார்த்த சிட்லபாக்கத்துல இதை விட்டுடாதீங்க. கூடவே என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனும் எடுங்க. தண்ணி புகுந்து என்ஜின் போனா, சாதாரண பாலிசியில பெரும்பாலும் பணம் வராது. தண்ணியில நின்ன காரை ஸ்டார்ட் பண்ணியும் பார்க்காதீங்க, நேரா டோயிங்தான்.

வாரக்கடைசிக்கு மட்டும் எடுக்குற காரா? நடுவுல ஒரு நாள் வேளச்சேரி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. நின்னுட்டே இருந்தா பேட்டரி இறங்கிடும்.

கார் தப்பான செலவு இல்ல. உங்க சம்பளத்துக்கு மீறின லோன்தான் தப்பு. உங்க இஎம்ஐ கணக்கை கமெண்ட்ல போடுங்க, வீடியோவுல பேசலாம்.