கழற்றுங்கள்... மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்!

ராத்திரி பத்தரை மணி. தஞ்சாவூரில் ஒரு தெரு. அரை மணி நேரம் தாலாட்டி, அப்போதுதான் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள் அம்மா. தெருமுனையில் 'பட பட'வென்று ஒரு மோட்டார் சைக்கிள்! குழந்தை வீறிட்டு அழுகிறது. பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த தாத்தா எழுந்து உட்கார்ந்து, "எவன்டா அவன்?" என்கிறார்.

எவனோ இல்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்தான். சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறான்.

பேஃபிள் என்பது சைலன்சரின் வால்பகுதியில் செருகப்பட்டிருக்கும் துளைபோட்ட குழாய். என்ஜினிலிருந்து சீறி வரும் புகை இதில் மோதி, வேகம் தணிந்து வெளியேறும். சத்தமும் தணியும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் துளைகளில் கரி அடைத்துக்கொள்ளும். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடைப்பை எடுக்க பேஃபிளைக் கழற்றத்தான் வேண்டும். அதில் தப்பே இல்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விடுகிறார்களே, அதுதான் தப்பு!

"எடுத்துட்டா பிக்கப் ஏறும் ஸார்" என்பார்கள். அந்தக் குழாயின் அளவெல்லாம் கணக்குப் பார்த்து வைத்தது. அதைக் கலைத்தால் நிதான வேகத்தில் இழுவை குறையவும் கூடும். ஏறுவது சத்தம் மட்டும்தான்.

அந்தச் சத்தம் முதலில் தாக்குவது ஓட்டுகிறவன் காதை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வெறும் கால் மணி நேரம்தான்! உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டால் அது எச்சரிக்கை மணி.

சரி, பேஃபிள் இறுகிப்போய் வரமாட்டேன் என்கிறதா? வண்டி நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள். பிடித்திருக்கும் சிறு போல்ட்டைக் கழற்றிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி, பிளேயரால் இடமும் வலமும் திருகி இழுங்கள். அப்படியும் வராவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. வீட்டில் நெருப்பு வைத்துச் சுடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. கரி கரைக்கிறேன் என்று சிலர் காஸ்டிக் சோடாவை வாளியில் கரைத்துக் கொல்லையில் வைப்பார்கள். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது, முப்பது நிமிஷம் விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மண்ணெண்ணெயைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். காலில் சைலன்சர் சூடு பட்டால் இங்க், டூத் பேஸ்ட் எல்லாம் தடவ வேண்டாம். இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், போதும்.

சட்டமும் சும்மா இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக வைக்கலாம். தஞ்சாவூர் நடுவிலேயே இருக்கிறது ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்றவளும் பச்சைக் குழந்தையும் படுத்திருக்கும் இடம். அந்த வாசலில் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவனை என்ன சொல்வது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் சத்த அளவை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், லைசென்ஸும் மூன்று மாதம் முடக்கம்.

ஆனால் போலீஸ்காரர் தெருத்தெருவாக நிற்க முடியாது. வண்டி வாங்கிக் கொடுத்த அப்பா, பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கும் அம்மா, இவர்கள் கேட்டால்தான் காரியம் நடக்கும். சர்வீஸ் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, பேஃபிள் உள்ளே இருக்கா?"

திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனைக்கு ஊரே கூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற மண் இது. இந்த மண்ணின் பிள்ளைகளுக்குக் கேட்கிற காதை மிச்சம் வைத்துவிட்டுப் போவோமே!