வீட்டில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னேன்

சென்ற டிசம்பர் பல்கலைக்கழக விடுமுறையில் ஓர் உணவகத்தில் பகுதிநேரமாக வேலை செய்தேன். பரிமாறுவதுதான் என் வேலை. ஒரு சனிக்கிழமை இரவு ஆள் பற்றாக்குறை. வடை பொரித்த சட்டியை நகர்த்த உதவும்படி சமையலறைக்குள் கூப்பிட்டார்கள். சூடான எண்ணெய் தளும்பி என் இடது முன்கையில் கொட்டியது.

மேற்பார்வையாளர் பற்பசையைத் தேடி ஓடினார். சமையல்கார அண்ணன்தான் என் கையை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். "இருபது நிமிஷம் எடுக்காதம்மா" என்றார். அவர் செய்ததுதான் சரியான முதலுதவி என்று மருந்தகத்தில் மருத்துவர் சொன்னார்.

அங்கே நான் செய்ததுதான் தவறு. "வேலையிடத்தில் பட்டது என்று சொன்னால் பெரிய கதையாகிவிடும். வீட்டில் சமைக்கும்போது பட்டதாகச் சொல்லிவிடேன்" என்று மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். மிரட்டலாக அல்ல, கெஞ்சலாக. நல்ல மனிதர். மருத்துவர் கேட்டதும் தயங்காமல் பொய் சொன்னேன். மூன்று நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தது. மருந்தகக் கட்டணத்தை நானே கட்டினேன். அந்த மூன்று நாளுக்குச் சம்பளம் இல்லை. சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து அதே அண்ணனின் காலில் கொதிக்கும் சாம்பார் கொட்டியது. வொர்க் பெர்மிட்டில் வந்தவர். ஊரில் வீட்டுக்கடன் இருக்கிறது. அறையில் வெந்நீர் பட்டுவிட்டதாக மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மறுநாளே கட்டுப்போட்ட காலோடு அடுப்படியில் நின்றார். "ஏன் அண்ணே உண்மையைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"இங்கேயே பிறந்து, படிச்ச பிள்ளை நீ. நீயே சொல்லலையேம்மா. நான் எப்படிச் சொல்றது?"

அன்றிரவுதான் வேலையிடக் காயத்திற்கான இழப்பீட்டுச் சட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். இப்போதைய சட்டம் 2019ல் இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் முதலில் என்னை வியக்க வைத்தது, யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பது. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டிருந்தால் போதும். முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று குற்றம்சாட்ட வேண்டியதில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. அதிக இழப்பீடு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகவும் வழியுண்டு. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பகுதிநேர ஊழியரும் வெளிநாட்டு ஊழியரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுபவருக்கு முதல் 14 நாள் மருத்துவ விடுப்புக்கு முழுச் சம்பளம் உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு, ஓராண்டு வரை. மருத்துவச் செலவையும் முதலாளி ஏற்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நிகழும் விபத்துகளுக்கு அதன் உச்சவரம்பு 53,000 வெள்ளி. நிரந்தரப் பாதிப்பு இருந்தால் தனியாக ஒரு தொகை உண்டு. வேலையை விட்டுச் சென்ற பிறகும், வொர்க் பெர்மிட் ரத்தான பிறகும்கூட இழப்பீடு கோரலாம். ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். எங்கள் உணவகமும் எடுத்திருந்தது. எந்தக் காயத்துக்காக ஆண்டுதோறும் பணம் கட்டினார்களோ, அந்தக் காயத்தையே மறைக்கச் சொன்னார்கள்! மேற்பார்வையாளருக்கு இது தெரியவே தெரியாது.

அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு இருவருமாகப் போய்ச் சொன்னோம். விவரம் தெரிந்ததும் நிர்வாகம் மனிதவள அமைச்சிடம் விபத்துகளைத் தெரிவித்தது. அப்போதுதான் என் பொய்யின் விலை புரிந்தது. 'வீட்டில் நடந்தது' என்று மருந்தகப் பதிவில் இருந்ததால், காப்புறுதி நிறுவனம் கேள்விமேல் கேள்வி கேட்டது. பதிவைத் திருத்தவும், உடன் வேலை செய்தவர்களிடம் எழுத்துமூலம் விளக்கம் வாங்கவும் வாரக்கணக்கானது. கடைசியில் எனக்குக் கிடைத்தது மருந்தகக் கட்டணமும் மூன்று நாள் சம்பளமும். சிறிய தொகைதான். அண்ணனுக்கு 12 நாள் விடுப்புச் சம்பளமும் சிகிச்சைச் செலவும் கிடைத்தன. அவருக்கு அது ஒரு மாதக் கடன் தவணை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாசில் நடந்த வெடிப்பில் ஊழியர்கள் மூவர் மாண்டனர், எழுவர் காயமுற்றனர். அதற்கு முன்பே அந்த இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவும் சிறு தீயும் ஏற்பட்டிருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. எங்கள் சமையலறையை அதனோடு ஒப்பிடவில்லை. ஆனால் சிறு விபத்தை மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடமே சான்று உண்டு. நான் வழுக்கிய அதே எண்ணெய்ப் பிசுக்குத் தரையில்தான் அண்ணனும் வழுக்கினார். முதல் நாளே நான் உண்மையைச் சொல்லியிருந்தால், யாராவது அந்தத் தரையைப் பார்த்திருப்பார்கள். இப்போது அங்கே வழுக்காத விரிப்பு போட்டிருக்கிறார்கள்.

விடுமுறையில் உணவகம், கிடங்கு, கடை என்று வேலைக்குப் போகும் நம் வயதினர் ஏராளம். அடிபட்டால் அன்றே மேற்பார்வையாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். காயத்தைப் படமெடுத்து வையுங்கள். மருத்துவரிடம் எங்கே, எப்படி நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுவனம் அமைச்சிடம் தெரிவிக்கத் தவறினால் நீங்களே தெரிவிக்கலாம்.

பள்ளியில் இரு மொழி படித்தோம். சட்டத்தை ஆங்கிலத்தில் படித்து, பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழில் எடுத்துச்சொல்ல நம்மால் முடியும். அதற்கு முதலில் நம் காயத்தை நாம் மறைக்காமல் இருக்க வேண்டும். என் முன்கைத் தழும்பு மங்கிக்கொண்டு வருகிறது. "நீயே சொல்லலையேம்மா" என்ற குரல்தான் இன்னும் மங்கவில்லை.