சோம்பல் முறிப்பது சோம்பல் அல்ல!

காலையில் கண் விழிக்கும் பூனை உடனே எழுந்து ஓடுவதில்லை. முன்னங்கால்களை நீட்டி, முதுகை வளைத்து, உடம்பை ஒரு முறை நன்றாக இழுத்து விட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலையைப் பார்க்கிறது. தெரு நாயும் அப்படியே. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அப்படியே. யாரும் அவற்றுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மனிதன் மட்டும் வளர வளர அதை மறந்துவிடுகிறான். பிள்ளை கையை நீட்டிச் சோம்பல் முறித்தால், "என்னடா சோம்பேறித்தனம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுகிறார்கள். தமிழில் அதற்கு உள்ள பெயரைச் சற்றே கவனிக்க வேண்டும். அது சோம்பலை வளர்ப்பது அல்ல, முறிப்பது!

மும்பையில் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சோம்பல் முறிப்பு மிகவும் அவசியம். தினமும் பத்து நிமிடம் உடலை நீட்டி வளைக்கும் பழக்கம் அவர்களுடைய பிழைப்புக்கே காவல் என்றால் அது மிகை அல்ல.

நாலாவது சீட்

அம்பர்நாத்தில் குடியிருந்து, போர்ட் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு மட்டும் சுமார் 60 கிலோ மீட்டர். லோக்கல் ரெயிலில் உட்கார இடம் கிடைப்பதே அதிர்ஷ்டம். மூன்று பேர் அமரும் இருக்கையில் 'நாலாவது சீட்' கிடைத்தால், பாதி உடம்பு இருக்கையிலும் பாதி உடம்பு அந்தரத்திலுமாக வருகிறார். அதுவும் இல்லை என்றால், மேலே தொங்கும் பிடியை ஒரே கையால் பற்றியபடி நின்றுகொண்டே பயணம்.

அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நாற்காலி. கம்ப்யூட்டர் திரையை நோக்கி நீண்ட கழுத்து. மாலையில் மறுபடியும் அதே ரெயில். வீடு திரும்பினால் கையில் செல்போன், குனிந்த தலை.

தாராவியில் தையல் எந்திரத்தின் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதிதான். தலையில் பாத்திரத்தைச் சுமந்து தெருத்தெருவாக இட்லி விற்பவருக்கும், அடுப்படியில் நின்றே காலம் கழிக்கும் இல்லத்தரசிக்கும் நிலைமை வேறு அல்ல.

"நாள் முழுவதும் உழைக்கிறோமே, அதுவே உடற்பயிற்சிதானே?" என்று இவர்கள் கேட்பது உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் உழைப்பு என்பது ஒரே அசைவை, ஒரே பக்கமாக, ஆயிரம் முறை செய்வது. குனிந்தே வேலை செய்பவரின் உடம்பு குனிவதற்கே பழகுகிறது. நெடுநேரம் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முன்தசைகளும் தொடையின் பின்தசைகளும் இறுகிப் போகின்றன. நாற்பது வயதில் தரையில் சம்மணம் போட முடியவில்லை. கீழே விழுந்த சாவியை எடுக்க முனகவேண்டி இருக்கிறது.

சொந்த ஊரில் நிலமோ நீரோ இருப்பவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நாலு நாள் திண்ணையில் படுக்கலாம். பிழைக்க வந்த ஊரில், உடம்பு ஒன்றே மூலதனம். தினக்கூலிக்காரர் பத்து நாள் படுத்தால் வீட்டு வாடகை நிற்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நிற்கும்.

ஜப்பான் காட்டிய வழி

இதை ஒரு நாடே உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. ஜப்பானில் 1928-ம் ஆண்டு நவம்பர் மாதம் வானொலி மூலம் உடற்பயிற்சி நிகழ்ச்சி தொடங்கியது. அந்த யோசனையைக் கொண்டுவந்தது மருத்துவமனை அல்ல. அரசாங்கத்தின் அஞ்சல் ஆயுள் இன்சூரன்சு இலாகா! மக்கள் ஆரோக்கியமாக இருந்தால் கஜானாவுக்கும் நல்லது என்ற கணக்கு அது.

போருக்குப் பின்னர் சிறிது காலம் நின்றிருந்த அந்த நிகழ்ச்சி, 1951-ம் ஆண்டு புதிய வடிவில் மீண்டும் வந்தது. கைகளை உயர்த்துவது, பக்கவாட்டில் வளைவது, முன்னும் பின்னும் குனிந்து நிமிர்வது என்று ஒரு பயிற்சிக்குச் சுமார் மூன்று நிமிடம். காலை ஆறரை மணிக்கு அந்த இசை ஒலித்தால் பூங்காக்களில் முதியவர்கள் இன்றும் கூடுகிறார்கள்.

மராட்டிய மண்ணுக்கும் இது புதிது அல்ல. ஔந்த் சமஸ்தானத்தின் மன்னராக இருந்த பவான்ராவ் பந்த் பிரதிநிதி, சூரிய நமஸ்காரத்தைத் தாமும் தினமும் செய்து, தம்முடைய பள்ளிக்கூடங்களிலும் செய்யவைத்தார். அரசரே குனிந்து நிமிர்ந்த பூமியில் குமாஸ்தா குனிந்து நிமிர வெட்கப்பட வேண்டியது இல்லை.

இடமும் வேண்டாம், காசும் வேண்டாம்

"பத்துக்குப் பத்து அறையில் எங்கே பயிற்சி செய்வது?" என்பது அடுத்த கேள்வி. ஒரு பாய் விரிக்கும் இடமும், ஒரு சுவரும், ஒரு கதவு நிலையும் போதும்.

கழுத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்லச் சாய்க்கலாம். கதவு நிலையில் இரு கைகளையும் ஊன்றி, மார்பை முன்னால் தள்ளலாம். சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தினால் கெண்டைக்கால் இளகும். பாயில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி முன்னால் குனிந்தால் தொடையின் பின்பக்கம் இளகும். ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்வைத்து, இடுப்பை முன்னால் தள்ளினால் இடுப்பின் முன்பக்கம் இளகும்.

ஒவ்வொன்றையும் 30 வினாடி வீதம் இரண்டு தடவை செய்ய வேண்டும். இரு பக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்பது நிமிடம். தாதரில் வண்டி மாறக் காத்திருக்கும் நேரம்கூட இல்லை!

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. இழுப்பு தெரிய வேண்டும். வலி தெரியக் கூடாது. சிறிது நடந்து, உடம்பு சூடான பிறகு செய்வதே நல்லது. ரெயில் நிலையத்தில் இருந்து நடந்து வீட்டுக்கு வந்ததும் செய்யலாம்.

அளவோடு நம்ப வேண்டும்

இதைச் சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியது இல்லை. மூட்டுகள் தாராளமாக அசையும், இறுக்கம் குறையும். தொடர்ந்து செய்தால் நரம்புகள் இழுப்பைத் தாங்கப் பழகுகின்றன. ஒரு வாரம் விட்டுவிட்டு ஒரே நாளில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் கொஞ்சம் செய்வதே பழக்கமாக நிலைக்கும்.

இதயத்துக்கு நடைதான் வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பது போன்ற உழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது. நீட்டல் பயிற்சி நடைக்குத் துணையே தவிர, நடைக்கு மாற்று அல்ல.

முதுகில் இருந்து கால் வரை மின்னல் போல் வலி இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ பாயை விரிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், எலும்பு பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

தமிழ் அமைப்புகள் முன்வருமா?

ஒருவர் தனியாகத் தொடங்குவது நாலு நாளில் நின்றுவிடும். பத்துப் பேர் சேர்ந்தால் நிற்காது. ஜப்பானில் நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

மும்பையில் தமிழர் அமைப்புகளுக்குக் குறைவு இல்லை. ஆண்டு விழா நடத்துகிறார்கள், பட்டிமன்றம் நடத்துகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள். வேண்டியதுதான். ஞாயிறு காலை அரை மணி நேரம் அதே மண்டபத்தைத் திறந்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தால் என்ன? தமிழ்ப் பள்ளிகளில் காலை வணக்கத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் என்ன? எட்டு மணி நேரம் குனிய வைக்கும் முதலாளி, ஐந்து நிமிடம் நிமிர விட்டால் நஷ்டமா வந்துவிடும்?

ஊருக்குப் பணம் அனுப்பும் கை ஓயாமல் இருக்க வேண்டும் என்றால், அந்தக் கையைத் தினமும் ஒரு முறை மேலே உயர்த்தி நீட்டியாக வேண்டும். நாளைக் காலையில் பிள்ளை சோம்பல் முறித்தால் பெரியவர்கள் அதட்ட வேண்டாம். பக்கத்தில் நின்று தாங்களும் முறிக்கட்டும்!