ரிட்டயர் ஆகி ஊர் திரும்பியாச்சு... வெளிநாட்டு பென்ஷனுக்கு இங்கே கணக்கு காட்டணுமா?

நியூஜெர்சியிலோ லண்டனிலோ முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் ஸ்ரீரங்கத்திலோ கோவையிலோ ஒரு ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர் நம் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார். வருமானம் டாலரில், செலவு ரூபாயில். நிம்மதியான வாழ்க்கைதான். ஆனால், இவர்களின் ஃபேமிலி குரூப்களில் ஒரு மெசேஜ் விடாமல் சுற்றுகிறது: ‘வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கு இங்கே வரி கிடையாது, கணக்கும் காட்ட வேண்டாம்.’

இதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதி உண்மைக்கும் ஆயுள் இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று.

எப்படி? நம் வருமான வரிச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதைவிட நீங்கள் இங்கே இருந்த நாள்களைத்தான் முக்கியமாக எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் ‘ரெசிடென்ட்’. ஓ.சி.ஐ கார்டு வைத்திருக்கும் அமெரிக்கக் குடிமகனாக இருந்தாலும் இதேதான். ஆனால், ரொம்ப வருடம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு முதலில் ஓர் இடைநிலை கிடைக்கும். ஆர்.என்.ஓ.ஆர் என்பார்கள். முந்தைய 10 வருடங்களில் 9 வருடம் நான்-ரெசிடென்ட்டாக இருந்தவர்களும், முந்தைய 7 வருடங்களில் மொத்தம் 729 நாள் அல்லது அதற்குக் குறைவாக இங்கே இருந்தவர்களும் இதில் வருவார்கள். இந்தக் காலத்தில் பொதுவாக வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்து விவரமும் கேட்க மாட்டார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பென்ஷன் பணம் நேராக இந்திய பேங்க் அக்கவுன்ட்டில் வந்து விழுந்தால், அது ‘இந்தியாவில் பெற்ற வருமானம்’ ஆகிவிடும். ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருந்தாலும் வரிக்கு உட்படும். அதே பணம் முதலில் அங்குள்ள அக்கவுன்ட்டில் வரவாகி, பிறகு நீங்கள் இங்கே அனுப்பிக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. பணமும் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். முதலில் எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் கேள்வி! இன்னொன்று, நிரந்தரமாக ஊர் திரும்பிய பிறகு என்.ஆர்.இ அக்கவுன்ட்டை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. பேங்கில் சொல்லி மாற்ற வேண்டும். அந்த வட்டிக்கான வரிவிலக்கும் அதோடு முடிந்துவிடும்.

ஆர்.என்.ஓ.ஆர் காலம் முடிந்ததும் நீங்கள் முழு ரெசிடென்ட். உலகில் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் இங்கே கணக்கு காட்டியாக வேண்டும். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி கட்ட வேண்டுமா என்றால், தேவையில்லை. இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இந்திய - அமெரிக்க ஒப்பந்தத்தின் 20-வது பிரிவுப்படி, அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு வரி போடும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டும்தான். இங்கே வரி இல்லை. ஆனால், தாக்கல் செய்யும் படிவத்தில் ஒப்பந்தப்படி விலக்கு பெற்ற வருமானம் என்று காட்ட வேண்டும். தனியார் கம்பெனி பென்ஷன் அப்படியல்ல, அதற்கு இங்கே வரி உண்டு. அமெரிக்காவின் 401 கே, ஐ.ஆர்.ஏ போன்ற ஓய்வூதியக் கணக்குகளில் பணத்தை எடுக்காமலே வருடா வருடம் சேரும் வருமானத்துக்கு, எடுக்கும் வருடத்தில் வரி கட்டினால் போதும் என்று ஒரு வசதி தந்திருக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாட்டுக் கணக்குகளுக்கு இது பொருந்தும். அதற்கு 89ஏ பிரிவின் கீழ் 10இ.இ படிவம் கொடுக்க வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதன்பிறகான வருமானத்துக்குப் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் என்ன என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியைவிடப் பெரிய தலைவலி, ஷெட்யூல் எஃப்.ஏ. அதாவது, வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல். முழு ரெசிடென்ட்டாக இருந்து வெளிநாட்டில் சொத்தோ அக்கவுன்ட்டோ இருந்தால், ஒரு ரூபாய்கூட வரி வராவிட்டாலும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். ஐ.டி.ஆர்-1 படிவத்தில் இது கிடையாது, ஐ.டி.ஆர்-2 எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்காக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பேங்கின் முகவரி, அக்கவுன்ட் திறந்த தேதி, வருடத்தில் அதிகபட்ச இருப்பு, கடைசி இருப்பு, வட்டி என வரிசையாகக் கேட்கிறார்கள். அதுவும் நம் ஏப்ரல் - மார்ச் கணக்கில் அல்ல, ஜனவரி - டிசம்பர் கணக்கில். உதாரணமாக, 2024-25 நிதியாண்டுக்கான படிவத்தில் 2024 டிசம்பர் 31 வரையிலான விவரம் வர வேண்டும். 70 வயதில் இதை யார் தனியாக நிரப்புவது என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

நிரப்பாமல் விட்டால்? 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். விட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக. நேர்மையாகச் சம்பாதித்து, வரியும் கட்டிய பணம் என்றாலும் இந்தச் சட்டத்தின் பெயர் அதுதான். 2024 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை: வீடு, மனை தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. கவனிக்க, அபராதம்தான் இல்லை. பட்டியலில் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

இங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவும் அமெரிக்காவும் 2015-ல் கணக்கு விவரங்களைப் பகிரும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. மற்ற பல நாடுகளுடனும் இதே ஏற்பாடு உண்டு. 2024 நவம்பரில் வருமான வரித் துறை இந்தத் தகவல்களை வைத்துத்தான் எஸ்.எம்.எஸ்-ஸும் மெயிலும் அனுப்பியது. அதைப் பார்த்து 24,678 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டினார்கள்.

அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டை ஒப்படைக்காதவர்களுக்கும் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கும்பகோணத்தில் குடியிருந்தாலும் வருமானம் வரம்பைத் தாண்டினால் வருடா வருடம் அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு, இந்தியாவில் உள்ள எல்லா பேங்க் அக்கவுன்ட், எஃப்.டி-களையும் கூட்டி, வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் என்ற அறிக்கை தனி. ஃபிளாட் வாங்க வைத்திருந்த பணம் ஒரு வாரம் சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் கிடந்தாலே தாண்டிவிடும். இங்குள்ள மியூச்சுவல் ஃபண்டில் ஆசையாகப் போட்டால், அமெரிக்கச் சட்டம் அதைத் தனி வகையாக்கிக் கடுமையாக வரி போடும். பேங்க் ஆசாமி ‘எஸ்.ஐ.பி போடுங்க சார்’ என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஊரைவிட்டே போகாதவர்களும் இதில் மாட்டலாம். மகன் டல்லாஸில் இருக்கிறான். ஒரு பாதுகாப்புக்காக அம்மா பெயரையும் தன் பேங்க் அக்கவுன்ட்டில் ஜாயின்ட்டாகச் சேர்க்கிறான். அம்மா மதுரையில். சொந்த வருமானம் என்று எதுவும் இல்லை, வாழ்நாளில் வருமான வரி கட்டியதில்லை. ஆனால், வெளிநாட்டு அக்கவுன்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை இருந்தாலே, வருமானம் இருக்கிறதோ இல்லையோ, ரெசிடென்ட்டாக இருப்பவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அந்த அக்கவுன்ட்டைப் பட்டியலில் காட்ட வேண்டும். பணம் மகனுடையது என்பதால் அம்மா வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால், தாக்கல் செய்யாமல் இருக்க அது காரணம் ஆகாது. அமெரிக்கா போய்விட்டு வந்தபோது திறந்து மறந்துபோன அக்கவுன்ட்டுக்கும் இதே கதைதான்.

இந்த வார இறுதியில் மகனோ மகளோ வீடியோ கால் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உன் அக்கவுன்ட் எதிலாவது என் பேர் இருக்காப்பா?’ இருக்கிறது என்றால், திறந்த தேதியையும் போன டிசம்பர் வரையிலான ஸ்டேட்மென்ட்டையும் கையோடு அனுப்பச் சொல்லுங்கள். நீக்க முடிந்தால் நீக்கிவிடலாம். அப்படி நீக்கினாலும், பெயர் இருந்த அந்த வருடத்துக்கான பட்டியலில் அது வந்தே ஆக வேண்டும்.