இறந்தோரை எண்ணிய நகரங்கள்

எம்மவர் பலர் வாழும் கிழக்கு இலண்டனில் உள்ளது பெத்னல் கிறீன். 1842இல் எட்வின் சட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கையின்படி, அங்கு கூலித் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் இறக்கும் சராசரி வயது 16. அதே பகுதியின் கனவான்களுக்கு 45. லிவர்பூல் தொழிலாளருக்கு 15, மஞ்செஸ்டரில் 17, நாட்டுப்புறமான ரட்லண்டிலோ 38.

இவ்வெண்கள் பிரித்தானியரை உலுக்கின. எனினும் அவற்றில் ஒரு குறை இருந்தது. பிறப்பு மிகுந்த நகரில் குழந்தைகள் மிகுதி. ஆகவே இறப்போரிலும் குழந்தைகள் மிகுதி. சராசரி வயது குறைவதற்குச் சாக்கடை மட்டுமே காரணமன்று. நீசன் என்ற காப்புறுதிக் கணிப்பாளர் 1844இல் இதனை எடுத்துக்காட்டினார்.

பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார் வேறு அளவுகோலை நாடினார்: உயிரோடிருக்கும் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் எத்தனை இறப்பு? ஆரோக்கியமான மாவட்டங்களில் 17. அதற்கு மேற்பட்டவை தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் என்றார். 1848இன் பொதுச் சுகாதாரச் சட்டம் ஆயிரத்துக்கு 23 என எல்லை வகுத்தது. ஏழாண்டுச் சராசரி அதனைத் தாண்டினால், ஊரார் விரும்பாவிடினும் அரசு தலையிடலாம். (தலைநகரை அச்சட்டம் தீண்டவில்லை என்பது வேறு கதை.) 1866இல் கிழக்கு இலண்டனில் கொலரா 5,000க்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, பகுதிவாரியான இறப்புக் கணக்கைக் கொண்டே ஃபார் ஒரு தண்ணீர்க் கம்பனியை நோக்கி விரல் நீட்டினார்.

1837 யூலை முதல் இங்கிலாந்தில் இறப்புகள் பெயர், வயது, இடத்துடன் பதியப்பட்டமையே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. கூலியாளின் கைக்குழந்தைக்கும் அந்த ஏட்டில் ஒரு வரி இருந்தது.

வன்னியில் 2009இல் மாண்டோருக்கு அத்தகைய ஏடு இல்லை. பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்பதே தன் கொள்கை எனக் கொழும்பு கூறிவந்தது. 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. 2012இன் உள்ளக மீளாய்வு 70,000 என்ற எண்ணையும் சுட்டியது. எமது மேடைகளிலோ பேச்சாளருக்குப் பேச்சாளர் எண் வளர்கின்றது. இது எமக்கு உதவாது. நன்னோக்குடைய சட்விக்கின் எண்ணையே ஒரு கணிப்பாளரால் அசைக்க முடிந்ததெனில், ஆதாரமின்றி ஏற்றப்படும் எண்ணை எம் எதிரிகள் விட்டுவைப்பரா?

ஃபாருக்கு உதவியது மொத்தத் தொகையன்று; எந்தப் பகுதி, எந்தத் தண்ணீர் என்ற விவரமே. எமக்கு வேண்டியதும் ஊர்வாரியான பட்டியல்தான்: பெயர், வயது, இடம், நாள், கண்டவர் யார். சிலர் இம்முயற்சியைத் தொடங்கியுள்ளனர்; அது போதாது. மாத்தளனிலிருந்தும் முள்ளிவாய்க்காலிலிருந்தும் தப்பியோர் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ளனர். அவர்களுள் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கலைவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் ஊர்ச்சங்கங்கள் இதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம். ஒரு கொப்பியும் பேனாவும், பொறுமையாகக் கேட்டெழுத இரண்டு இளைஞரும் போதும்.