செஞ்சிக்கு ஒரு இரும்புச் சட்டை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. படிச்சுட்டு "இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா"ன்னு கேட்பீங்க. கேளுங்க, பரவாயில்லை :-)

விஷயம் போர்க்கவசம். மியூசியத்துல கண்ணாடிக்குள்ள தூங்குறது இல்லை. இன்னைக்குப் புதுசா செஞ்சு, உயிரோட இருக்கிற மனுஷன் மாட்டிக்கிட்டு, நிஜமாவே அடி வாங்குற கவசம்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. மேற்கு நாடுகள்ல பழைய காலத்துப் போரை மறுபடி நடத்திக் காட்டுறதும், அதையே விளையாட்டா ஆடுறதும் பெரிய பொழுதுபோக்கு. 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் கூடி ஆரம்பிச்ச ஒரு சங்கம் இன்னைக்குப் பல நாடுகள்ல கிளை விட்டிருக்கு. அவங்களுக்குக் கத்தி என்பது பிரம்பு. ஆமாங்க, நம்ம வாத்தியார் கையில இருந்த அதே பிரம்புதான், தடிமன் மட்டும் கூட. 2010-ல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் தொடங்கின 'நாடுகளின் போர்' போட்டியில இந்தச் சலுகை எல்லாம் கிடையாது. கூர் மழுக்கின இரும்பு வாள், இரும்புக் கோடாலி. கீழ விழுந்தவன் அவுட். அஞ்சு பேர் ஒரு பக்கம், அஞ்சு பேர் இன்னொரு பக்கம், தலையில மடார் மடார்னு அடி. பார்த்தா நம்ம கபடி ஞாபகம்தான் வரும்.

இவங்க மாட்டிக்கிற சட்டை எங்கிருந்து போகுதுன்னு பாருங்க, அங்கதான் கதை நமக்குப் பக்கத்துல வருது. கணிசமா நம்ம நாட்டுல இருந்துதான். டேராடூன்ல விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ், 1943-ல் கூர்க்கா சிப்பாய்களுக்கு குக்ரி கத்தி அடிக்க ஆரம்பிச்ச கம்பெனி. மீரட்ல டீப்பீகா. ரோமாபுரி சிப்பாயோட பட்டைத் தகட்டுச் சட்டையிலிருந்து ஜெர்மன் பிரபுவோட முழுக் கவசம் வரைக்கும் உத்தரப்பிரதேசத்துலயும் உத்தராகண்டுலயும் அடிச்சுக் கப்பல் ஏத்துறாங்க. இரும்பு வளையச் சட்டை இருக்கே, ஒவ்வொரு வளையமும் நாலு வளையத்துக்குள்ள நுழைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் ஆணி அறைஞ்சு மூடணும். ஒரு சட்டைக்கு இருபதாயிரம் வளையத்துக்கு மேல போகும். இதை உட்கார்ந்து பின்னுற பொறுமையும், அந்தக் கூலிக்குப் பின்னுற ஆளும் இங்க இருந்ததாலதான் வெளிநாட்டு சாதாரண ஆளுக்கெல்லாம் ஆணி அறைஞ்ச வளையச் சட்டை வாங்குற விலைக்கு வந்துச்சு. நம்ம ஆளுங்க விரல் தேஞ்சதுதான் அவங்க பொழுதுபோக்கு.

இதுல எனக்கு வருத்தம் இல்லை. தொழில், வாழ்க. என் கேள்வி வேற. ஊருலகத்துப் போர்வீரனுக்கெல்லாம் நாம சட்டை தைக்கிறோம். செஞ்சிக் கோட்டையில நின்னு செத்தவன் என்ன போட்டிருந்தான்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேட்டா, கையில எடுத்துக் காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே?

அங்க போறதுக்கு முன்னாடி ஒரு திண்டிவனம் சம்பவம்.

திண்டிவனத்து நண்பர் ஒருத்தர், நம்மளை மாதிரி கிறுக்குதான், ஆன்லைன்ல ஒரு தலைக்கவசம் வாங்கினார். முகமூடியெல்லாம் தூக்கி இறக்குற மாடல். விளம்பரத்துல 'சண்டைக்கு உகந்தது'ன்னு போட்டிருந்தது. நிஜமான்னு பார்த்துடுவோம்னு நேரா பைபாஸ் ஓரம் ஒரு டிங்கர் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனோம். முப்பது வருஷமா பஸ், லாரி, கார்னு அடிபட்டு வர்ற வண்டியை எல்லாம் நிமிர்த்துறவர். அவருக்குத் தெரியாத தகடா?

"இன்னா சார் இது, ஐயனார் கோயிலுதா?"ன்னார் முதல்ல. விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கலை. வாங்கி மடியில வெச்சுக்கிட்டு விரல் முட்டியால சுத்தி சுத்தித் தட்டினார். உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, அதே இடத்துல ரெண்டு தரம் தட்டினார்.

"ஓரம் பதினெட்டு கேஜ் சார். காரு டோரை விட கொஞ்சம் தடிமன், அவ்ளோதான். மேல ஜாயிண்ட்ல அதுவும் இல்ல. ரெண்டு பாதியா அடிச்சு வெல்டு வெச்சிருக்கானுங்க. பளபளன்னு தெரியணும்னு கிரைண்டரைப் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டானுங்க. சுத்தியால ஒண்ணு வெச்சா இங்கதான் சார் கிழியும்."

வெர்னியர் வெச்சுப் பார்த்தோம். விளிம்புல 1.2 மில்லிமீட்டர். பிரம்பால அடிச்சுக்கிற அந்த அமெரிக்கச் சங்கத்து விதியே தலைக்கவசத்துக்குக் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு கேட்குது. அதுவும் வெறும் பிரம்புக்கு! இரும்புக் கோடாலி அடிக்கு இதை மாட்டிக்கிட்டுப் போனா நேரா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிதான். சுவத்துல மாட்டுற கவசம் வேற, தலையில மாட்டுற கவசம் வேற. ரெண்டையும் ஒரே போட்டோ போட்டு விக்கிறதுதான் இந்த வியாபாரத்துல இருக்கிற பெரிய அயோக்கியத்தனம். வாங்குறவங்க தகட்டோட கேஜ் என்ன, ஜாயிண்ட் எங்க இருக்கு, உள்ள மெத்தை உண்டா, இந்த மூணையும் கேட்காம காசு அனுப்பாதீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. அந்த டிங்கர் அண்ணன் கையில இருந்தது என்ன? ஒரு டாலிக் கட்டை, நாலு சைஸ் சுத்தியல், மணல் மூட்டை, கேஸ் அடுப்பு. தகட்டைச் சூடு காட்டிக் குழிய வைக்கிறது, விளிம்பை மடிக்கிறது, அப்புறம் சின்னச் சின்னத் தட்டு தட்டி மேடுபள்ளம் சமம் பண்றது. 15-ஆம் நூற்றாண்டு மிலான் நகரத்துக் கவசக் கொல்லன் செஞ்சதுக்கும் இதுக்கும் அடிப்படையில பெரிய வித்தியாசம் கிடையாது. கேஸ் அடுப்பு அவன்கிட்ட இல்லை, அவ்வளவுதான். விழுப்புரம், திண்டிவனம் சாலையில தேடினா இந்தக் கைக்குப் பஞ்சமே இல்லை.

சரி, செஞ்சிக்கு வருவோம். திண்டிவனத்துல இருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ள. 2025 ஜூலையில 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'னு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 கோட்டைகள்ல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். மீதி 11 மகாராஷ்டிரத்துல. 1677-ல் சிவாஜி பிடிச்ச கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ள இருக்க, 1690-ல் இருந்து 1698 வரைக்கும் ஔரங்கசீப்போட தளபதி சுல்ஃபிகார் கான் வெளியில காத்துக் கிடந்த கோட்டை. அப்புறம் நம்ம தேசிங்கு. பேரு தேஜ் சிங், புந்தேல்கண்டு ராஜபுத்திர வம்சம். 1714 அக்டோபர்ல ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோட மோதி இருபத்திரண்டு வயசுல செத்துப்போன பையன். கூட செத்த சிநேகிதன் மோவுத்துக்காரனுக்கு நீலாம்பூண்டியில கல்லறை இருக்கு. இதெல்லாம் சின்ன வயசுலயே நம்ம காதுல விழுந்த கதை. ஆதாரத்தோட படிக்கணும்னா சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943-ல் எழுதின செஞ்சி வரலாறு இருக்கு.

இப்ப அந்தப் பையன் கடைசியா குதிரை ஏறும்போது என்ன போட்டிருப்பான்? ஐரோப்பியத் தகட்டுச் சட்டை நிச்சயமா இல்லை. முகலாயப் படையில, ராஜபுத்திரர்கிட்ட, தக்காணத்துல புழங்கினது வேற வகை. உள்ள பஞ்சு வெச்சுத் தைச்ச கனத்த அங்கி. அதுக்கு மேல இரும்பு வளையச் சட்டை. மார்புலயும் வயித்துலயும் வளையத்துக்கு நடுவுல சின்னச் சின்னத் தகடு கோர்த்தது. இல்லைன்னா சார் ஐனா, அதாவது 'நாலு கண்ணாடி': முன்னால ஒண்ணு, முதுகுல ஒண்ணு, ரெண்டு விலாவுக்கும் ரெண்டு, நாலு தகட்டையும் வாரால இழுத்துக் கட்டுறது. முழங்கை வரைக்கும் ஒரு கைக்காப்பு. பின்கழுத்துல வளையத் திரை தொங்குற தலைச்சீரா. குதிரை மேல இருந்து திரும்பி அம்பு விடணும், வாள் வீசணும், அதுவும் நம்ம வெயில்ல. அதுக்குத் தகுந்த உடுப்பு இது. ஐரோப்பாவுல 1400-ஐ ஒட்டி முழுத் தகட்டுச் சட்டை வந்ததுக்கு அவங்க குளிர், அவங்க ஈட்டிக் குதிரைப்படை, அவங்க இரும்புப் பட்டறைன்னு பல காரணம். அதுவும் ஒண்ணும் யானைக் கனம் இல்லை. முழு செட்டும் 20, 25 கிலோதான், உடம்பு முழுக்கப் பரவிடும், மாட்டிக்கிட்டு ஓடலாம். கிரேன் வெச்சுக் குதிரையில ஏத்துவாங்கங்கிறதெல்லாம் சும்மா கட்டுக்கதை.

அதுக்கும் முந்தி? புறநானூறு 13-ஆம் பாட்டுல சோழன் ஒருத்தன் போட்டிருக்கிற கவசம் புலித்தோல், அம்பு கிழிச்சது. சோழர் காலச் சிற்பத்துப் போர்வீரன் பெரும்பாலும் வெற்று மார்போட, வாளும் கேடயமுமாத்தான் நிக்கிறான். நம்ம சினிமாவுல மட்டும் எந்த நூற்றாண்டு ராஜாவா இருந்தாலும் ஃபைபர்ல வார்த்த மார்புத் தகடு, அதுல சிக்ஸ் பேக் வேற! ரோமாபுரி ஜெனரல் வேலூர்ப் பக்கம் வழி தப்பி வந்த மாதிரி இருக்கும். கேட்டா "ஆடியன்ஸுக்கு இதான் பிடிக்கும்"பாங்க. ஆடியன்ஸுக்கு வேற எதை நீங்க காட்டினீங்க சாமி?

என் பயம் இங்கதான். யுனெஸ்கோ பேரு வந்தாச்சு, இனி கோட்டை விழா, ஒலி ஒளிக் காட்சி, வாசல்ல செல்ஃபி எடுக்க வேஷம் போட்ட வீரன்னு வரிசையா வரும். டெண்டர் எடுக்கிறவர் நெட்ல தேடி மலிவான ஐரோப்பியத் தகரச் சட்டையையோ சினிமா ஃபைபரையோ வாங்கிட்டு வந்து ராஜகிரி அடிவாரத்துல நிறுத்துவார். பத்து வருஷத்துல அதுதான் 'செஞ்சி வீரன்'னு ஆயிடும். பாடப் புத்தகத்துலயும் அந்தப் படம்தான் வரும்.

"நம்ம ஊர்ல போரை நடிச்சுக் காட்டுறதே இல்லையா, கூத்து இருக்கே"ன்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பதினெட்டாம் போர் கூத்து விடிய விடிய நடக்கும். காலையில படுகளம், மண்ணுல செஞ்ச துரியோதனன் படுத்திருப்பான். இதை விடப் பெரிய மறு நடிப்பு உலகத்துல எங்க இருக்கு? அங்கயும் கவசம் உண்டு: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கி, கண்ணாடித் துண்டு பதிச்சது. அதைப் பார்த்து 'இது நிஜக் கவசம் மாதிரி இல்லையே'ன்னு சொல்றவனுக்குக் கூத்தே தெரியாதுன்னு அர்த்தம். ராத்திரி பூரா கிறுகிறுன்னு சுத்தி ஆடுற ஆளுக்கு லேசான கட்டைதான் வேணும். விளக்கு வெளிச்சத்துல கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெரியணும்னா கண்ணாடிதான் வேணும். அது அந்த வேலைக்குச் செஞ்ச கவசம். அதைத் தொடவே கூடாது. அதே நியாயம்தான் செஞ்சிச் சட்டைக்கும். அது எந்த வேலைக்குச் செஞ்சதோ அந்த வேலையைச் செய்யணும், அதாவது அடி தாங்கணும்.

அதனாலதான் அந்த வெளிநாட்டு விளையாட்டுக்காரங்க மேல எனக்கு மரியாதை. பொய்ச் சட்டை அவங்க களத்துல அஞ்சு நிமிஷம் தாங்காது. எந்த வார் அறுபடும், எங்க மூச்சு முட்டும், எந்த இடுக்குல வாள் நுழையும்னு மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும். தேசிங்கு கதையைப் பாட்டாக் கேட்டா வீரம். இரும்பு வளையத்தைப் பஞ்சங்கி மேல மாட்டிக்கிட்டு புரட்டாசி வெயில்ல பத்து நிமிஷம் நின்னா அந்தப் பையனோட உடம்பு தெரியும். 'போரைக் கொண்டாடுறியா'ன்னு கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் இதுதான். மாட்டிப் பார்த்தவன் எவனும் போரைக் கொண்டாட மாட்டான்.

மாதிரிக்கு எங்க போறது? பழைய சட்டைகள் சில மியூசியங்கள்ல இருக்கு, அளவெடுக்க அனுமதி வாங்கணும். நம்ம பக்கம் மிச்சம் கம்மி. 1860-கள்ல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையைக் கலைச்சப்ப ஒரு பகுதி சென்னை மியூசியத்துக்குப் போச்சு, மீதியை உடைச்சுப் பழைய இரும்பு விலைக்கு வித்துட்டாங்க. எழும்பூர்ல இப்பவும் அந்த ஆயுதங்களைப் பார்க்கலாம். வித்ததை நினைச்சா வயிறு எரியும், விடுங்க.

செலவு? வளையச் சட்டையை டேராடூன் பக்கமே ஆர்டர் கொடுத்துடலாம், அவங்களுக்கு அது கைவந்த கலை. ஐரோப்பிய அளவு இல்லாம நம்ம மாதிரிக்குன்னு சொன்னா போதும். நாலு தகட்டையும் கைக்காப்பையும் நம்ம டிங்கர் அண்ணன் அடிச்சுடுவார், கேட்டுட்டேன். "பதினாலு கேஜ்ல போட்டுடலாம் சார், ஆனா அளவு கரெக்டா குடுக்கணும், அப்புறம் மாத்த முடியாது"ன்னார். ஒரே ஒரு செட். கோட்டையில வைக்கிறதோ, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போறதோ அப்புறம் பார்ப்போம்.

பாக்கி இருக்கிறது அந்தப் பஞ்சங்கிதான். அது இல்லாம மேல இரும்பு போட்டா வளையம் சதையிலயே பதிஞ்சுடும். கோரா துணியில நெருக்கமா கோடு கோடாத் தைக்கணும், உள்ள நல்ல இலவம்பஞ்சோ பருத்தியோ அடைக்கணும், அக்குள்ல இறுக்கவும் கூடாது. விழுப்புரம், செஞ்சி பக்கம் மெத்தை தைக்கிறவங்கள்ல இப்படிப்பட்ட கிறுக்கு வேலைக்கு ஒத்துக்கிற ஆள் யாராவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அளவு நண்பரோடது: மார்பு 42, உயரம் அஞ்சே முக்கால்.