சான்றிதழுக்கு நுளம்பு அஞ்சாது!

மலேரியாவா? அது பாட்டன் காலத்துக் காய்ச்சலன்றோ என்று கேட்போர் படித்தவரிடையே பெருகிவிட்டனர். உள்ளூர்ப் பரவல் 2012 ஒக்டோபருடன் நின்றது. 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றளித்தது. பெருஞ் சாதனைதான், மறுப்பாரில்லை. ஆனால், இனி மலேரியாத் தடை இயக்கத்துக்குப் பணமும் ஆளும் எதற்கென்று வினவுவோரை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இவ்வினா புதிதன்று. 1934-35 இல் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிரைக் குடித்த நோய், 1946 முதல் டி.டி.ரி. தெளித்ததால் ஒடுங்கி, 1963 இல் 17 பேரளவில் வந்து நின்றது. வெற்றி, வெற்றி என முழங்கினர். மருந்து தெளிப்பதை நிறுத்தினர். விளைந்ததென்ன? 1969 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் வீழ்ந்தனர்! அதன்பின் நோயை வெளியேற்ற நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. பதினேழு பேருக்காகச் செலவிட மறுத்த சிக்கனத்தின் விலை இது.

இன்று கிருமி இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் பயணிகளின் குருதியில் வருகிறது. 2018 இல் அவ்வாறு வந்த கிருமி மொனராகலையில் நுளம்பின் வழியே இன்னொருவரைப் பற்றியது. உடனே கண்டறிந்தமையால் பரவாது தடுக்கப்பட்டது. கண்டறிய ஆளில்லாதிருந்தால்?

தமிழர் பிரதேசத்துக்கோ தனியாக ஓர் ஆபத்து வந்துள்ளது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு 2016 இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆற்றுப் பள்ளங்களை நாடிய பழைய நுளம்பு போலன்றி, இது கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் முட்டையிடுகிறது. பழைய நுளம்பும் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. கிணற்றை நம்பி வாழும் குடாநாட்டில் இதன் பொருளை விவசாயிக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. பாவனையற்ற கிணறுகளை வலையிட்டு மூடுவதும், தோட்டக் கிணறுகளிற் குடம்பி தின்னும் மீன்களை விடுவதும் கைக்கெட்டிய காரியங்களே.

படித்த பெருமக்களிடமும் நமக்கொரு வழக்குண்டு. வெளிநாடு சென்று திரும்பியபின் காய்ச்சல் கண்டால், பயணத்தை மருத்துவரிடம் மறைப்பதேன்? இளம் மருத்துவரும், டெங்கு என்று முடிவு கட்டுமுன், எங்கு சென்றீர் எனக் கேட்டு மலேரியாவுக்கும் இரத்தம் சோதிக்கட்டும். அரசோ, மன்னார் முதல் பருத்தித்துறை வரை கிணறு பார்க்கும் உத்தியோகத்தரில் ஒருவரைத்தானும் குறைக்கலாகாது.